தொண்டையில் கைத்த கண்மருந்து

உரும்பிராயில் நான் கூலிக்கு நின்ற வீட்டில், அக்காவின் இடக்கண்ணில் பூவரசங்கொப்பு அடித்த அன்று, நான் அங்கிருந்து போவதற்குப் பையைக் கட்டி வைத்திருந்தேன். பருத்தித்துறையில் வள்ளங்களிலிருந்து மீன் இறக்க ஆள் கேட்டிருந்தார்கள். ஓர் இடத்தில் ஏழெட்டு மாதத்துக்கு மேல் நிற்க எனக்கு வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதன் பிறகு நான் இருந்த ஊர்களை வரிசையாகச் சொன்னால், பஸ் கொண்டக்டர் தரிப்பிடம் கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

அக்கா என்று நான் கூப்பிட்டது வீட்டுக்காரியை. அறுபதை ஒட்டிய வயது. அவருடைய கணவரை அண்ணை என்பேன். பிள்ளை என்று இருப்பது ஒரே ஒரு மகன், அவன் வெளிநாட்டில். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் இருந்த கொட்டிலில் நான் படுத்துக்கொண்டேன். வெங்காயம், மரவள்ளி, கொஞ்சம் வாழை. வேலை எனக்குப் புதிதல்ல.

ஆட்டுக்குக் குழை ஒடிக்கும்போது இழுத்த கொப்பு கைநழுவி முகத்தில் அடித்தது. அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டு குந்தினார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, ஒடித்த குழையை ஆட்டுக்குப் போட்டுவிட்டுத்தான் கிணற்றடிக்கு வந்தார். கழுவினார். "ஒண்டுமில்லை, தூசி," என்றார்.

மறுநாள் கண் சிவந்திருந்தது. அண்ணை பிறிட்ஜின் கதவைத் திறந்து, முட்டைகளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். முன்பு அவருக்குக் கண்புரை வந்து வெள்ளை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தது.

"உது உங்கடை கண்ணுக்குத் தந்ததெல்லே," என்றார் அக்கா.

"கண் எண்டால் கண்தானே. என்ரை கண்ணுக்கு ஒரு மருந்து, உன்ரை கண்ணுக்கு வேறை மருந்தோ? அண்ணாந்து பார்."

விட்டார். அவருக்குக் கை நடுக்கம். பாதி கன்னத்தில் போனது. ஆனால் சிவப்பு அடங்கியது. அண்ணைக்குப் பெரிய சந்தோசம். சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போதுகூட அதைச் சொன்னார். நான் பையை மறுபடி எடுத்தேன். அதற்குள் அக்கா வெளிச்சம் பார்க்க முடியவில்லை என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த நாள் பார்த்தபோது, கருவிழியில் அரிசிக் குறுநொய் ஒட்டியது போல ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

அண்ணையால் மோட்டார் சைக்கிள் ஓட முடியாது. நான்தான் அக்காவைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். கண் கிளினிக்கில் டொக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன விட்டனீங்கள்?" என்று கேட்டார். அக்கா பழைய போத்தலைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

டொக்டர் கோபிக்கவில்லை. அதை வாங்கிக் குப்பை வாளிக்குள் போட்டார். "இது வீக்கம் குறைக்கிற மருந்து அம்மா. வெளியிலை சிவப்பு அடங்கும், உள்ளுக்குக் கிருமி சந்தோசமாய் வளரும். இப்ப கருவிழியிலை புண். விட்டால் பார்வை போயிடும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குப்பை வாளியைப் பார்த்தேன். இப்படியான இடங்களில் எனக்குப் பயமோ கவலையோ வருவதில்லை. வெகுநாளாக அப்படித்தான். போர்க்காலத்தில் அகதி முகாமில் வரிசையாகக் கண்நோயால் கண் ஒட்டிப்போய்க் கிடந்த ஆட்களுக்கு நடுவில் நான் தண்ணீர் வாளி தூக்கித் திரிந்தேன். ஒரே களிம்புக் குழாய் கைக்குக் கை மாறி எல்லோருடைய இமையிலும் பட்டு, சுகமானவனுக்கும் நோய் திரும்ப வந்தது. அப்போதும் வாளி பாரமாக இருந்தது மட்டும்தான் ஞாபகம்.

வார்ட்டில் வைத்திருந்து, இரவு பகல் பாராமல் மணிக்கு ஒரு தடவை அன்ரிபயோற்றிக் துளி விட்டார்கள். கந்தசஷ்டி தொடங்குவதற்கு முதல்நாள், விரதம் பிடிக்க வேண்டும் என்று அக்கா அழுது கேட்டதாலோ என்னவோ, புண் பெருக்கவில்லை என்று வீட்டுக்கு விட்டார்கள். பகலில் மணிக்கு ஒரு தடவை, படுக்கப்போகும்போது களிம்பு. மூன்றாம் நாள் கிளினிக்குக்கு வரவேண்டும்.

"ஒரு நேரமும் விடக்கூடாது," என்று அங்கிருந்த தாதி என்னிடம் சொன்னாள். அவளை எல்லோரும் மிஸி என்று கூப்பிட்டார்கள். "ஆர் விடப்போறது? நீங்களோ? அப்ப கேளுங்கோ. முதல் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவோணும். கீழ் இமையை இழுத்து, அந்தப் பள்ளத்துக்கை விடுங்கோ. போத்தல் வாய் கண்ணிலையும் முட்டக்கூடாது, மயிரிலையும் முட்டக்கூடாது. பிறிட்ஜிலை வையுங்கோ. இது இவவுக்கு மட்டும்தான், அய்யாவுக்குக் கண் கடிச்சாலும் குடுக்காதேங்கோ."

அப்படித்தான் நான் பருத்தித்துறைக்குப் போகாமல் நின்றது. போகாததற்கு வேறு காரணம் இல்லை. கை நடுங்காதவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் என் போனில் மணிக்கு ஒரு தடவை அலாரம் வைத்தேன். அலாரம் அடித்ததும் அக்கா கதிரையில் வந்து அண்ணாந்து இருப்பார்.

"மச்சம் தின்டனியோ?"

"இல்லை அக்கா."

"காலமை சந்தியிலை மீன்பணிஸ் தின்டனி. அண்ணை கண்டவர்."

"அதுக்குப் பிறகு குளிச்சிட்டன்."

"அப்ப கையைத் திரும்பக் கழுவிப்போட்டு வா. விரதக்காறியைத் தொடுற கை."

விரதம் மறுநாள்தான் தொடக்கம். ஆனால் வீடு கழுவி, பாத்திரம் மினுக்கி, அக்கா ஏற்கெனவே விரதக்காரி ஆகிவிட்டிருந்தார். நான் சவுக்காரம் போட்டு முழங்கை வரை கழுவினேன். மிஸி சொன்னபோது இவ்வளவு கழுவியிருக்க மாட்டேன். இமையை இழுத்தேன், கணக்குப் பார்க்காமல் இரண்டு மூன்று துளி விட்டேன். மோட்டருக்கு ஒயில் விடுவதுபோலத்தான் இருந்தது. சூடான இமை, வேறொன்றும் தோன்றவில்லை.

அக்காவுக்கு அது ஆறாவது வருடம். ஆறு நாள் விரதத்தை ஆறு வருடம் தொடர்ந்து பிடித்து நிறைவேற்ற வேண்டும், நடுவில் முறிந்தால் முதலிலிருந்து. மகன் வெளிநாட்டில் அகதி வழக்குப் போட்டு, அது தள்ளுபடியாகி, மறுபடி போட்டு, விசா இல்லாமல் ஓர் உணவுக்கடைச் சமையலறைக்குள் இருந்தான். அவனுக்காக வைத்த நேர்த்தி. பகல் ஒரு நேரம் ஒரு தம்ளர் பால். அதைத் தவிரப் பச்சைத்தண்ணீரும் தொண்டைக்குள் இறங்காது.

முதல் நாள் காலையில், வெறும் வாயோடு இருந்த அக்கா, துளியை விட்டதும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"கைக்குது."

"கண்ணோ?"

"கண் என்னெண்டடா கைக்கும்? தொண்டை. தொண்டைக்கை இறங்குது."

ஓடிப்போய்க் கசப்பை வெளியே துப்பினார். அலாரம் அடுத்த முறை அடித்தபோது போத்தலுக்குக் கையை நீட்டினார். "தா தம்பி, நானே விடுறன். நீ தோட்டத்தைப் பார்."

கொடுத்துவிட்டேன். அவர் கண், அவர் கை. அதற்குப் பிறகு அலாரம் அடித்தால் அவர் போத்தலை எடுத்துக்கொண்டு சாமியறைக்குள் போவார், திரும்பி வந்து பிறிட்ஜில் வைப்பார். ஆடு மட்டும் அலாரச் சத்தத்துக்குப் பழகி, குழை வருகிறது என்று நினைத்துக் கத்தியது.

அன்று மாலை மகன் வீடியோவில் வந்தான். அக்கா போனை வலப்பக்கமாகச் சரித்துப் பிடித்துப் பாதி முகத்தைக் காட்டினார்.

"ஏனம்மா அரைவாசி முகம்தான் தெரியுது?"

"உங்கை போன் சரியில்லை. உன்ரை முகம் முழுக்கத் தெரியுது. மெலிஞ்சு போனாய்."

"சமையல்கட்டுக்கை நிக்கிறவன் மெலிவனோ?" என்று அவன் சிரித்தான். அண்ணை பின்னால் நின்று வாயைத் திறக்கப்போனார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

இரண்டாம் நாள் பின்னேரம் தண்ணீர் எடுக்கப் பிறிட்ஜைத் திறந்தபோது மருந்துப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது. முதல் நாள் நான் கொடுத்தபோது இருந்த அளவிலேயே இருந்தது.

அண்ணையிடம் சொன்னேன். மாட்டிக்கொடுப்பதாகவும் நினைக்கவில்லை, காப்பாற்றுவதாகவும் நினைக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் சொல்வோம். இது குறையவில்லை, சொன்னேன்.

அவர் நேரே சாமியறை வாசலுக்குப் போனார்.

"இஞ்சை, நீ கண்ணுக்கு மருந்து விடுறியோ இல்லையோ?"

அக்கா விளக்குத் திரியைத் தூண்டினார்.

"வாயைத் திற!"

"வாயைத் திறந்தால் கைக்குது. அதுதான் விடேல்லை," என்றார் அக்கா. "நாலு நாளிலை விரதம் முடியுது. பேந்து எவ்வளவும் விடுங்கோ."

"நாலு நாளிலை கண் இராது!"

"ஒரு கண்தானே. மற்றது கிடக்கு."

அண்ணைக்கு நடுக்கம் கையிலிருந்து குரலுக்கு ஏறிவிட்டது. "நேற்று நீ துப்பேக்கையே நான் ஐயரிட்டைக் கேட்டனான். மருந்து விரதத்தை முறிக்காதாம்."

"ஐயருக்கு என்ன, அவர் சொல்லுவார். அவற்றை பிள்ளைக்கு விசா இருக்கு." பிறகு குரலைத் தணித்து, "அஞ்சு வருசமும் ஒரு சொட்டு இறங்கேல்லை. இந்த வருசம் மணிக்கொருக்கால் தொண்டைக்கை ஊத்திப்போட்டு, நான் ஆரிட்டைப் போய் நிறைவேத்தினன் எண்டு சொல்லுறது? நீங்கள் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்து காட்டுங்கோ பாப்பம்."

"நான் ஏன் இருக்கோணும்? எனக்கென்ன விசரோ?"

அன்று இரவு அண்ணை சாப்பிடவில்லை. வீம்புக்குத்தான். அக்கா அதைக் கவனித்தாரோ தெரியாது. மருந்து விடவும் இல்லை.

மூன்றாம் நாள் கிளினிக். பின்னால் இருந்த அக்காவின் தலை என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது, பசி மயக்கம். டொக்டர் பார்த்தார். புண் ஆறவில்லை என்றார், ஓரம் கொஞ்சம் பெருத்திருக்கிறது என்றார். "ஒழுங்காய் விடுறியளோ?"

அக்கா நிலத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். விரதம், கைப்பு, தொண்டை. வார்ட்டில் நின்ற மிஸிக்கு அன்று கிளினிக்கில் டியூட்டி; டொக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

மிஸி கேட்டுவிட்டுச் சிரித்தாள். கேலிச் சிரிப்பில்லை. "எங்கடை அம்மாவும் சஷ்டிதான். நான் டியூட்டி முடிஞ்சு போனால் வீட்டிலை எனக்கும் சாப்பாடு இல்லை. இருங்கோ அம்மா."

கையைக் கழுவினாள். "கண்ணின்ரை உள்மூலையிலை சின்ன ஓட்டை கிடக்கு. கண்ணீர் போற வழி. அது மூக்குக்குப் போய்த் தொண்டைக்கு இறங்கும். அழேக்கை மூக்கு ஒழுகிறது அதாலைதான். நீங்கள் அந்த வழியை அடைச்சால் சரி. எத்தினை துளி விட்டனீங்கள்?"

"தம்பி ரெண்டு மூண்டு விட்டவன். வார்ட்டிலை ஒண்டுதான் விட்டவை."

"ஒண்டு காணும் தம்பி. கண்ணுக்குள்ளை அதுக்கு மேலை இடமில்லை. மிச்சம் கன்னத்துக்கும் தொண்டைக்கும்தான்."

இமையை இழுத்து ஒரு துளி விட்டாள். "மெல்ல மூடுங்கோ. இறுக்காதேங்கோ, சிமிட்டாதேங்கோ." சுட்டுவிரலை மூக்குப் பக்கத்து மூலையில் வைத்து அழுத்தினாள். "உங்கடை விரலை வையுங்கோ. இதிலை. ரெண்டு நிமிசம் எடுக்காதேங்கோ."

"கண்ணை மூடிக்கொண்டு மணிக்கூடு பாக்கிறதெப்பிடி?"

"ஏதாவது சொல்லுங்கோ. சஷ்டிக்காறிக்குச் சொல்ல ஒண்டும் இல்லையோ?"

அக்காவின் உதடு அசைந்தது. சரவணபவ, சரவணபவ என்று போய்க்கொண்டிருந்தது. வாங்கில் இருந்த மற்ற நோயாளிகள் எல்லாம் பார்த்தார்கள். டொக்டர் அடுத்தவரைக் கூப்பிடாமல் நின்றார். அப்போது அந்த அறையில் எனக்கு ஒன்று விளங்கியது: இனி அக்கா சொல்லப்போகும் ஒரு சொல்லில்தான் அந்தக் கண் இருக்கிறது. விளங்கியதே தவிர, நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். ஓர் இதழ் வளைந்திருந்தது.

"இப்ப எடுங்கோ. எச்சிலை விழுங்கிப் பாருங்கோ. கைக்குதோ?"

அக்கா விழுங்கினார். யோசித்தார். மறுபடி விழுங்கினார்.

"இல்லை," என்றார். பிறகு சந்தேகத்தோடு, "நீ மருந்துதானே விட்டனி பிள்ளை? தண்ணி இல்லையே?"

"தண்ணியெண்டால் எரியுமோ?"

"எரியுது."

"அப்ப மருந்துதான்."

டொக்டர் கடைசியில் சொன்னது இது: ஒழுங்காக விட்டால் புண் காயும், ஆனால் தழும்பு நிற்கும், எவ்வளவு தெரியும் என்று இப்போது சொல்ல முடியாது. சிவப்புப் போய்விட்டது என்று நிறுத்தக்கூடாது, நிறுத்துவதை அவர்தான் சொல்வார். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். வழியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "வாசலிலை போனதும் கை கழுவு. நேரமாச்சு," என்றார்.

அன்றிலிருந்து அலாரம் அடித்தால் ஆடு கத்தும், நான் கை கழுவுவேன், ஒரு துளி விடுவேன், அக்கா விரலை வைப்பார். வீட்டுக்குள் சரவணபவ கேட்கும். நின்றதும், அண்ணை எங்கிருந்தாலும் கேட்பார்: "கைக்குதோ?"

"இல்லை. உங்கடை கதைதான் கைக்குது."

ஒரு நாள் போத்தல் வாய் இமைமயிரில் உரசிவிட்டது. வார்ட்டில் மிஸி சொன்னது நினைவுக்கு வந்து, அந்தப் போத்தலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டி வேறு ஒன்று வாங்கி வந்தேன். அண்ணை, "முட்டினதுக்கே?" என்றார். அக்கா, "தீட்டுப் பட்டால் பட்டதுதான்," என்றார். அவருக்கு அது அப்படி விளங்கியது. போதும்.

ஆறாம் நாள் சூரன்போர். கோயில் வீதியில் சனம் நிறைந்திருந்தது. மருந்தை ஐஸ்கட்டியோடு ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து அக்காவின் பைக்குள் போட்டிருந்தோம். சூரனைத் தோளில் தூக்கியவர்கள் ஆட்டி ஆட்டி ஓடிவந்தார்கள். சனம் கூவியது. அந்த நேரம் பார்த்து என் இடுப்பில் அலாரம் அடித்தது.

அண்ணை தண்ணீர்ப் போத்தலைச் சரித்தார், நான் சவுக்காரத் துண்டை உரைத்துக் கழுவினேன். மதிலோரம் அக்காவை அண்ணாந்து நிற்கவைத்துத் துளியை விட்டேன். அவர் மூலையில் விரலை வைத்துக்கொண்டு முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "என்னக்கா, அழுறியளோ?" என்று தோளைத் தொட்டாள்.

"அழேல்லைப் பிள்ளை, அடைச்சுப் பிடிக்கிறா," என்றார் அண்ணை. அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

விரலை எடுத்ததும் அக்கா வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். இடக்கண்ணால் மட்டும் வீதியைப் பார்த்தார். சூரனுக்குத் தலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஆடுறது தெரியுது," என்றார். "ஆனைத்தலை."

"ஓம், ஓம். ஆனைதான்," என்றார் அண்ணை உடனே.

"சிங்கம் அக்கா," என்றேன்.

"எனக்குத் தெரியும், உவர் பொய் சொல்லுவார் எண்டு." கையை எடுக்கவில்லை. அப்படியே பொத்தியபடி நின்றார். வேல் வந்து போனது, தலை மாறியது, சனம் மறுபடி கூவியது. வெகுநேரம் கழித்து அக்கா சொன்னார்: "பச்சையாய்க் கிடக்கு. மாமரம்."

மாமரம்தான். மாவிலைகளைக் கட்டித் தூக்கி வந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் விரதம் முடிக்கும் பாறணை. அக்கா ஒரு கவளம் சோறு தின்றார். மகனுக்கு விசா வந்ததாக நான் அங்கிருந்தவரை ஒரு செய்தியும் இல்லை. அதைப்பற்றி அக்கா கதைக்கவில்லை. துளி மணிக்கு ஒன்று என்பதிலிருந்து மெல்லக் குறைந்து, நாளுக்கு ஒன்றாகி, நான் கிளம்புவதற்கு முதல்நாள் டொக்டர் நிறுத்தச் சொன்னார். தழும்பு நின்றது. கிட்டப் பார்த்தால் கருவிழியில் பால் பட்டதுபோல இருக்கும்.

நான் கிளம்பிய அன்று தண்ணீர்ப் போத்தலை நிரப்பப் பிறிட்ஜைத் திறந்தேன். முட்டைகளுக்குப் பக்கத்தில் மிச்ச மருந்து நின்றது. அண்ணையின் வேலை; வீசுவதற்கு அவருக்கு மனம் வராது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அக்கா என் வலப்பக்கம், ஆட்டுக்கொட்டிலடியில் குழையோடு நின்றார். ஓலைத் தடுக்குக்குப் பின்னாலிருந்து இடப்பக்க முகம் மட்டும் வெளியே தெரிந்தது; வலக்கண் மறைவில் இருந்தது.

"கையிலை என்ன, கண்மருந்தோ?" என்றார்.

"ஓம்."

"அவர் காண முதல் குப்பைக் கிடங்குக்கை போடு."

போட்டேன். மண்ணைத் தள்ளி மூடினேன். கையைக் கழுவிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பருத்தித்துறை பஸ் பிடிக்கச் சந்திக்கு நடந்தேன். பாதி வழியில் போனில் அலாரம் அடித்தது. அதை நிறுத்த மறந்துபோயிருந்தேன்.